அக்கரைக்குப் போகாத படகு

செப்டம்பர் 2

மூன்றாம் நாள் மழை. ஜீலம் ஆறு சேறாக ஓடுகிறது. காலையில் படகில் அக்கரைக்கு நான்கு நடை போய்வந்தேன், ஐந்தாவதுக்குத் துணியவில்லை. கழி அடியைத் தொடவே இல்லை.

செப்டம்பர் 3

இன்னும் ஏறுகிறது. நெல் அறுப்புக்கு இரண்டு வாரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் காலிக்கின் தோட்டத்தில் ஆப்பிள் பெட்டிகள் கட்டித் தயார், லாரிதான் வரவில்லை. ஊரே கரைமேல் மண்மூட்டை அடுக்குகிறது. என் மனைவி ஹாஜ்ரா உப்புத் தேநீர் கொண்டுவந்தவள் அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்த வீடு அங்கே. அவள் அண்ணன் சோனாவுல்லாவும் அங்கே மூட்டை சுமந்துகொண்டிருப்பார்.

செப்டம்பர் 4, மதியம்

தொழுகை முடிந்ததும் காலிக் என்னைப் பள்ளிவாசல் சுவரோரம் இழுத்துப்போனான். இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.

"சாயங்காலம் எங்களை அக்கரையில கொண்டுவிடு. மண்வெட்டி நாங்க எடுத்துக்கறோம்."

எதற்கென்று கேட்கத் தேவையில்லை. அந்தக் கரையை வெட்டினால் வெள்ளம் அங்கே போகும், இங்கே வடியும்.

"அங்கயும் ஆளுங்கதானேடா இருக்காங்க."

"இங்க மட்டும் என்ன, பொம்மையா? மச்சான் ஊருன்னு இழுக்கிற. நீ சோறு திங்கிறது எந்த ஊர்ல?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நான் மறுத்தால் அவர்களே எடுத்துக்கொண்டு போவார்கள். ஊரில் இருப்பது இந்த ஒரு படகு.

அதே நாள், மாலை

செய்துவிட்டேன். எல்லோரும் கரையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் படகுக்குள் இறங்கிக் கோடாலியால் மூன்று போடு. கயிற்றையும் அவிழ்த்து விட்டுட்டேன். பதினோரு வருஷம் சோறு போட்ட படகு. யார்கிட்ட சொல்றது?

"ஆறு அடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றேன் காலிக்கிடம். காறித் துப்பிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 5

விடிந்ததும் எங்கள் கரை உடைந்தது.

செப்டம்பர் 7, மேட்டுப் பள்ளிக்கூடம்

இன்றுதான் எழுத முடிந்தது. அன்று முப்பது பேர் கூரைகளில் தொங்கினோம். படகு, படகு என்று கத்தினார்கள் - என்னைப் பார்த்து. காலிக்கின் அம்மா தகரத்தின்மேல் நனைந்தபடி ஓதிக்கொண்டே இருந்தார். அந்தம்மா விழுந்திருந்தா? என்ன செஞ்சு வச்சிட்டேன் நான்?

மதியம் அக்கரையிலிருந்து இரண்டு படகு வந்தது. முன்னால் சோனாவுல்லா. முதலில் அந்த அம்மாவைத் தூக்கி ஏற்றினார். காலிக் அவர் கையைப் பிடித்து ஏறினான், முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் படகு எங்க மாப்ள?" என்றார் என்னிடம்.

"ஆறு கொண்டுபோயிடுச்சு."

யாரும் சாகவில்லை. நெல் போயிற்று. ஆப்பிளும்.

செப்டம்பர் 9

ஹாஜ்ராவிடம் சொல்லிவிட்டேன். ஈரத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து போட்டாள். பிறகு, "கோடாலி எங்க?" என்றாள்.

"ஆத்துல."

"இருக்கட்டும்."

செப்டம்பர் 12

தூக்கமில்லை.

செப்டம்பர் 19

தண்ணீர் வடிந்துவிட்டது. படகு கிடைத்தது - காலிக் தோட்டத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே செருகிக்கொண்டு. நான் போவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

காலிக் குனிந்து ஓட்டையைத் தடவினான். உடைந்த மரத்தின் சிராய்கள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. கல் மோதியிருந்தால் உள்பக்கம் நீட்டியிருக்கும். மூன்று வெட்டும் தெளிவாகத் தெரிந்தன. அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இத்தனை பேர் நடுவில் அவன் சொல்லிவிட்டால் இந்த ஊரில் எனக்கு இடமில்லை.

"கல்லு குத்தியிருக்கு" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிறகு உட்கார்ந்து சிராய்களை ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டான்.

செப்டம்பர் 26

பலகை வைத்து அடைத்தாயிற்று. கொஞ்சம் கசிகிறது. இன்று அக்கரைக்கு முதல் நடை. காலிக்கும் அவன் அம்மாவும் ஏறினார்கள். சோனாவுல்லா வீட்டில் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்களாம். போய்ச் சேரும்வரை அந்த அம்மா மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார்.