மாமாவையும் திறக்காமல் அளப்பார்கள்

நெம்மேலி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சிநேகாவுக்கு,

வங்கக் கடலின் பாதி அலைகளுக்குச் சொந்தக்காரனும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமான பெஞ்சமின் மாமா, ராஜமுத்திரையிட்டு அனுப்பும் வாழ்த்து. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி இளவரசியும் சுகமா? ரெஜினா அத்தை சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத ஆசை. போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

மாதக் கடைசி ஞாயிறு செங்கல்பட்டுக் கோயிலில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பனாக நான்தான் ஏந்தி நிற்க வேண்டும் என்றாய். அன்றிலிருந்து மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் வேலை தெரியுமே. அணுக்கழிவு அடைத்த பீப்பாயைக் கிரேனால் சுழல்மேடையில் இறக்குவோம். அது மெல்லச் சுற்றும். மூடியைத் திறக்காமலே, உள்ளே கதிர்வீச்சு எவ்வளவு என்று எதிரே நிற்கும் கருவி சொல்லிவிடும்.

நேற்று மேடை பாதியில் நின்றது. பீப்பாயின் வெளிப்புறத்தைத் துடைத்து, அந்தத் துணியைச் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பத்து யானை பலமுள்ள உன் மாமா காத்திருப்பானா? வியர்வைக்கு முகக்கவசத்தை இறக்கிவிட்டு, நெஞ்சோடு கட்டிப்பிடித்து ஒரே திருப்பு. கூட வேலை செய்யும் தனகோடி, "இன்னாண்ணே, அண்ணியக்கூட இப்டி கட்டிப் புடிச்சிருக்க மாட்டே போலகீது" என்றான். சிரித்தோம். மூடி விளிம்பில் கசிந்திருந்த ஈரத்தை அப்புறம்தான் பார்த்தோம்.

பாதுகாப்பு அதிகாரி சாருலதா என் மேல் கருவியை ஓட்டினாள். ஏரித் தவளைகள் மொத்தமும் அதற்குள் புகுந்தது போல் கத்தியது. என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு நாளும் விட்டதில்லை அந்தப் பெண். நேற்று, "சட்டையைக் கழட்டுங்க சார்" என்றாள். அந்த 'சார்' கேட்டுத்தான் விஷயம் விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது. குளித்து வந்த பிறகு தோலில் கருவி அடங்கிவிட்டது. மூக்கைத் துடைத்த பஞ்சில் அடங்கவில்லை; மூச்சோடு கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.

நாளை என்னைப் படுக்க வைத்து, அதே மாதிரி திறக்காமல் அளப்பார்களாம். பெரிதாக இருக்காது என்கிறார்கள். முழு முடிவு வர நாளாகுமாம். அத்தையிடம் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு, தனித்தட்டில், தனி அறையில் சாப்பிடுகிறேன். ராத்திரி மூச்சை இழுக்கவே யோசனையாக இருக்கிறது.

தேதியை மட்டும் மாற்றாதே. பாப்பாவை மாப்பிள்ளையின் அண்ணன் கிருபாகரன் ஏந்தட்டும். அம்மா கேட்டால், மாமாவுக்குக் கை சுளுக்கு என்று சொல். நான் வருவேன். கடைசி வரிசையில், வாசலோரம் நிற்பேன். அவளை என்னிடம் கொண்டுவந்துவிடாதே, கண்ணு. கொண்டுவந்தால் கை நீட்டிவிடுவேன்.

ஆண்டவர் அவளைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும்.

தூரத்திலிருந்தே,
உன் மாமா
பெஞ்சமின்