கோயம்புத்தூர்க்காரரை எங்கே சாப்பிட வைப்பது?

செப்டெம்பர் 2, சனி

வெக்கை. வெள்ளவத்தைக் கடலே வியர்த்துக்கொண்டிருக்கிறது.

காலையில் ரகு வந்தான். தங்கச்சியின் மகன், கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை. முகம் பழப்புளி.

"மாமா, கோயம்புத்தூர் ஆக்கள் புதன்கிழமை வருகினம். தண்ணிப் பம்புக் கொம்பனி. இலங்கைக்கு ஏஜென்சி ஒராளுக்குத்தானாம். ஒண்டில் எனக்கு, இல்லாட்டி புறக்கோட்டை மொத்தக்கடை முதலாளிக்கு."

சண்டையால் வடக்குப் பாதை பூட்டியதிலிருந்து அவனுக்கு யாழ்ப்பாணத்து வியாபாரம் இல்லை. கடையில் ஆணிகள் துருப்பிடித்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. ஏஜென்சி தவறினால் கடையை மூடிவிட்டுக் கனடா போகிறானாம். சும்மா சொல்வது போலத்தான் சொன்னான். எனக்குத்தான் அது சும்மாவாகப் படவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவனும் போனால் நான் யாருக்குப் புளுகுவது?

அந்த நிமிடமே பதவியேற்றேன். "வியாபாரத்தை நீ கதை. விருந்துத்துறை மாமாவிடம். மகாராணியார் கொழும்புக்கு வந்தபோது அவருடைய சமையற்காரன் என்னிடம்தான் உப்புப் பார்க்கச் சொன்னான்."

"போன கிழமை அது ஜப்பான் மந்திரி, மாமா."

"இருவருக்கும் ஒரே சமையற்காரன்."

ஒரு சங்கடம். விருந்தாளிகள் சுத்த சைவம். பெரியவர் ஆறுச்சாமி, அவருடைய மருமகன் செந்தில். கொம்பனியே பெரியவரின் மனைவி பெயரில்தானாம். அந்த அம்மா வீட்டில் முட்டை என்ற சொல்லே கூடாதாம்.

பின்னேரம்: கொம்பனி தை மாதம் ரகுவுக்கு அனுப்பி, அவன் என்னிடம் தந்த கலண்டரைத் தேடி எடுத்தேன். வேலோடு முருகன், காலடியில் தண்ணீர்ப் பம்பு. சுவரில் இருந்த பேக்கரிக் கலண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டினேன். அவர்கள் வீட்டுக்கு வந்தால் கண்ணில் படட்டும்.

"பேக்கரிக் கலண்டர் என்ன பாவம் செய்தது?" என்றாள் மனைவி பவளம்.

"இது இராசதந்திரம். உனக்கு விளங்காது."

செப்டெம்பர் 3, ஞாயிறு

படையெடுப்பு. என் மொறிஸ் மைனர் தேரில் கொழும்பின் சாப்பாட்டுக் கடைகள் அனைத்தையும் வென்றுவர.

காலிமுகத்திடல் பக்கம் பெரிய ஹோட்டல். வாசலில் குண்டு தேடிக் காருக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள். துருவைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே இமயமலைக் குளிர். சைவம் கேட்டேன். அவித்த கரட்டை ரோசாப்பூவாக வெட்டி வைத்திருந்தார்கள். தலையில் வைப்பதா, வாயில் வைப்பதா?

கொள்ளுப்பிட்டிச் சீனக் கடை. சிவப்பு விளக்கு, தொட்டியில் மீன். சைவம் என்றதும் பரிமாறுகிறவன் பெரிய மனது பண்ணினான்: "பன்றி இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தரலாம்."

கடைசியில் நம்ம வெள்ளவத்தைச் சைவக் கடை. வடை நன்று. இன்னொன்று சாப்பிட்டு உறுதிப்படுத்தினேன். பிறகு சாம்பாரை உறுதிப்படுத்த இன்னொன்று.

வீட்டுக்கு வர பவளம்: "இஞ்சருங்கோ, நீங்கள் சாப்பாட்டுக் கடை தேடிறியளோ, பொம்பிளை பாக்கிறியளோ?"

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

செப்டெம்பர் 6, புதன்

வந்துவிட்டார்கள்! பெரியவர் நெடிய ஆள். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, யானை நடை. செந்தில் ஒல்லி. மாமனார் இருந்தால்தான் இருப்பார், எழுந்தால்தான் எழுவார். கொள்ளுப்பிட்டியில் தங்கியிருக்கிறார்கள்.

மத்தியானம் வெள்ளவத்தைச் சைவக் கடை. வாழை இலை, பதினெட்டு வகை (பன்னிரண்டுதான், ஆனால் பதினெட்டுப் போலத் தெரிந்தது). பெரியவர் இலையை ஒரு சோகத்தோடு பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். செந்திலும் "நல்லாத்தானுங்க" என்றார். இருவரும் பாதிச் சோற்றோடு இலையை மூடினார்கள்.

அந்தத் 'தானுங்க' என் நெஞ்சில் ஆணியாய் இறங்கியது. துருப்பிடித்த ஆணி.

இரவு புறக்கோட்டை முதலாளியின் முறை. பெரிய ஹோட்டல். கரட் ரோசாப்பூவுக்குப் பக்கத்தில் எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்தாராம். ரகு கேள்விப்பட்டு வந்து சொன்னான், குரல் சுரத்தில்லாமல்.

"முடிஞ்சுது, மாமா."

"இன்னும் இலையே போடவில்லை, மடையா."

வாய்தான் சொன்னது. நித்திரை வரவில்லை.

செப்டெம்பர் 7, வியாழன்

அதிசயம்! உலக வரலாறு திரும்பிப் படுத்தது!

காலை காலிமுகத்திடலில் பெரியவரோடு நடை. நல்ல காற்று. இறால் வடைக்காரனைக் கடந்தோம். பெரியவரின் கால்கள் நின்றன. வடையின் முதுகில் முழு இறால், மீசையோடு. பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்தார். என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க, இந்த ஊர்ல நண்டு நல்லா இருக்கும்னாங்களே?"

நான் கடலைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல்.

"கண்ணாலத்துக்கு முந்தித் தின்னதுங்க. அப்பறம் ஊட்டுல அம்மணி உட மாட்டாங்க. மாப்ளைக்கு மட்டும் தெரியப்படாதுங்க. தெரிஞ்சா அவரு எம்பட புள்ளைகிட்டச் சொல்லுவாரு, அவ அவங்கம்மாகிட்டச் சொல்லுவா. நான் ஊருக்கே போக முடியாது."

"கவலைப்படாதீர்கள். கொழும்பு நண்டுகளில் பாதிப்பேர் என் நண்பர்கள்."

இதோடு முடிந்ததா? மத்தியானம் ரகுவின் கடையில் செந்தில் என்னை ஓரமாக இழுத்தார். மெதுவாக: "அங்கிள், நண்டு கிடைக்குங்களா? மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்ட உட்டே தொரத்திருவாருங்க."

சிரிப்பை அடக்கியதில் விலாவில் சுளுக்கு.

பின்னேரம் போர்த் திட்டம். செந்திலை ரகு கொட்டாஞ்சேனைக்கு அழைத்துப் போக வேண்டியது. அங்கே பிலோமினா அக்கா, மன்னார்க்காரி, நாலு மேசைக் கடை. அவருடைய நண்டுக் குழம்புக்காகவே கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்கள் தாமதமாகப் புறப்படுகின்றன. பெரியவரை நான் எதிர்த் திசையில், கல்கிசைக்கு, கடற்கரை றெஸ்ரோறண்டுக்கு. கொழும்பின் வால் ஒரு பக்கம், தலை மறுபக்கம். இருவரும் சந்திக்க வழியே இல்லை.

பெரியவர் செந்திலிடம் சொல்வது: கோயிலுக்கு. செந்தில் பெரியவரிடம் சொல்வது: சரக்கறை பார்க்க. ரகுவுக்குப் பெரியவரின் ஆசை தெரியாது, அவனுக்கும் கோயில் என்றே சொன்னேன். அவன் முகத்தில் எதுவும் மறையாது.

நாள்? அவர்கள் சனிக்கிழமை பயணம். கலண்டரைப் பார்த்தேன். சனிதான் பௌர்ணமி. ஆகவே இறைச்சியும் விற்காமல் கடைகள் பூட்டும் பௌத்தப் போயா விடுமுறையும் சனி. ஆகவே விருந்து வெள்ளி. வெள்ளிக்கிழமையில் நண்டு! முருகன் பம்பைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். விரோதமில்லாத பார்வை என்றே எடுத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் 8, வெள்ளி

மெல்லிய மழை. காலி வீதி வெறிச்சென்று. என் தேருக்கு வழிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளை உடுத்துப் பூவோடு விகாரைக்குப் போன பெண்களைப் பார்த்தும் அறிவு வேலை செய்யவில்லை.

தெஹிவளைப் பாலத்தடியில் செக்பொயின்ற். ஆமிக்காரப் பொடியன் குனிந்து பார்த்தான்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்களாம்.

"கோவிலட" என்றேன். பெரியவர் தன் திருநீற்றை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டினார். எங்கள் அடையாள அட்டையையும் பாஸ்போட்டையும் மரியாதையாகத் திருப்பித் தந்தான்.

கல்கிசை. கதவில் பூட்டு. காவற்காரன் பீடியை எடுக்காமலே: "அத போயா, மாத்தயா. வஹலா."

இன்று போயா! இன்று பூட்டு!

அப்போதுதான் உறைத்தது. என் சுவரில் தொங்குவது கோயம்புத்தூர்க் கலண்டர். அங்கே பௌர்ணமி சனிக்கிழமை. இங்கே அரசாங்கம் போயாவை வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறது. பேக்கரிக் கலண்டர் இருந்திருந்தால் சிவப்பு மையில் கத்தியிருக்கும். அவர்களை மயக்க மாட்டிய கலண்டர் என்னையே மயக்கிவிட்டது.

இரண்டு கடை தேடினேன், இரண்டும் பூட்டு. பெரியவரின் முகத்தில் முப்பது வருடப் பசி.

"பரவால்லீங்க" என்றார். "நமக்குக் குடுத்து வெக்கலீங்க."

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எந்த மனிதனால் சும்மா இருக்க முடியும்? திறந்திருக்கக்கூடிய ஒரே கடை பிலோமினா அக்காவுடையது. மணியைப் பார்த்தேன். செந்தில் தின்று முடித்துப் போயிருப்பார் என்று கணக்குப் போட்டேன். தேரைத் திருப்பினேன்.

பாலத்தடியில் அதே பொடியன். சிரித்தான். "கோவில வஹலாத?" கோயில் பூட்டாமோ என்று கேட்கிறான்!

கொட்டாஞ்சேனை. மழையில் நண்டுக் குழம்பு வாசம் தெருமுனைக்கே வந்து வரவேற்றது. பெரியவர் வேட்டியை மடித்துக்கொண்டு எனக்கு முன்னே ஓடினார். யானை நடை எங்கே போனதோ!

பிலோமினா அக்கா வாசலில். "வாங்கோ ஐயா! போயா எண்டா இறைச்சிக்குத்தானே. நண்டுக்கு என்ன?"

உள்ளே மூலை மேசையில் செந்தில். முழங்கை வரை குழம்பு. வாயில் ஒரு கால் (நண்டினுடையது). முன்னால் ஓட்டுக் குவியல், சிகிரியா மலை உயரம். எதிரே ரகு. என்னைக் கண்டதும் அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மூன்றாவது நண்டு கேட்பார் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏஜென்சி கப்பலேறிப் போவதைக் கண்ணால் கண்டேன், பின்னாலேயே ரகுவின் கனடா விமானம். மிகைப்படுத்தவில்லை.

செந்தில் வாயிலிருந்து காலை எடுத்தார். "மாமா... நீங்க கோயிலுக்குன்னு..."

"நீங்க சரக்கறைக்குன்னீங்க, மாப்ளே."

"ஆமாங்க."

பெரியவர் குவியலைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். கதிரையை இழுத்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்தச் சட்டியை இப்பிடி நவுத்துங்க."

அதற்குப் பிறகு நடந்ததை மகாயுத்தம் என்றுதான் எழுத வேண்டும். நானும் இரண்டு நண்டு. வெள்ளிக்கிழமை என்பதை முருகனும் பவளமும் மன்னிக்க.

கை கழுவும்போது பெரியவர் ரகுவின் தோளில் தட்டினார்.

"தம்பி, அந்தப் பொறக்கோட்டைக்காரரு போட்டாப் புடிச்சு ஊட்டுக்கு அனுப்பறேங்கறாரு. சோறு போடற எடத்துல போட்டாப் புடிக்கறவரை நம்பிக் கொம்பனியக் குடுக்க முடியுங்களா? ஏஜென்சி உங்களுக்குத்தான். கணக்குப் பாக்க நாங்க ரெண்டு பேரும் அடிக்கடி வர வேண்டியிருக்குமுங்க."

"கட்டாயம் வரோணுமுங்க" என்றார் செந்தில், விரலை நக்கிக்கொண்டு.

ரகு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நண்டுக் கை. பரவாயில்லை.

பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு நிபந்தனைங்க. இன்னைக்கு நடந்தது இந்த நாலு செவுத்துக்குள்ள. நீங்க ஆருகிட்டயும் மூச்சு விடப்படாது."

பிலோமினா அக்கா சிரித்த சிரிப்பில் சட்டி விழுந்தது. அவருக்கு என்னைத் தெரியும்.

செப்டெம்பர் 9, சனி

அவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிவிட்டோம். திரும்பும் வழியெல்லாம் ரகு கடைக்கு எந்த நிறப் பெயர்ப்பலகை என்று கதைத்தான். கனடா என்ற பேச்சே இல்லை. நீலம் வேண்டாம், சிவப்பு வை என்றேன்.

பவளம் என் நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்தாள். "நேற்று எங்கை கூட்டிக்கொண்டு போனியள்?"

"கோயிலுக்கு."

"எந்தக் கோயிலிலை நண்டு நைவேத்தியம்?"



செப்டெம்பர் 10, ஞாயிறு

வெயில். மீன் சந்தைப் பக்கம் என் புளுகு கேட்கும் சபை முழுவதும் கூடியிருந்தது. செய்தி பரவிவிட்டது. வாழைப்பழக்கடை நடேசன் வழிமறித்தான்.

"என்ன அண்ணை, புறக்கோட்டை முதலாளியையே மருமோன் விழுத்திப்போட்டானாம்! அவங்களுக்கு அப்பிடி என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

எல்லாரும் வாய் பிளந்து காத்திருக்கிறார்கள். பூட்டிய கதவு, பாலத்தடிப் பொடியன், சிகிரியா உயர ஓடு, எல்லாம் என் நாக்கின் நுனியில் வந்து குதிக்கின்றன. ரகுவின் சிவப்புப் பெயர்ப்பலகையை நினைத்தேன்.

"இடியப்பமும் சொதியும்" என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"சொதிக்குக் கொஞ்சம் உப்புக் குறைவு."

நடேசன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான், காய்ச்சலோ என்று.