கஞ்சித் திடல் திறப்பு விழாவுக்கு நீ வர வேண்டாம்

உ
ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
26-5-1971

அன்பு மகன் சிரஞ்சீவி தணிகாசலத்துக்கும் மருமகள் மங்கையர்க்கரசிக்கும் பாப்பாவுக்கும் அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தறியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்றே வைத்துக்கொள். பிலாய் வெயிலில் நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஆனி ஆறாம் தேதி கஞ்சித் திடல் திறப்பு விழாவுக்கு வருகிறேன், பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், கமிட்டியார் அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள், முதல் ஆட்டத்தில் நான்தான் முதல் பந்து போட வேண்டுமாம் என்று நீ எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீ ஊருக்கு வந்து போய் இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது, பாப்பாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவள் இதை எழுதுகிறாளே என்று நினைக்காதே. நீ வர வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், வயிறு எரிகிறது, கொட்டுவதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

திடலை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பி அதற்கு ரோஸ் கலர் அடித்திருக்கிறார்கள். அடித்த மறுநாளே கொத்தனார் ஆட்கள் வெற்றிலை எச்சிலைத் துப்பி வைத்தார்கள், அது அப்படியே இருக்குது, துடைப்பாரில்லை. நீயும் உன் சினேகிதர்களும் உட்கார்ந்து கத்துவீர்களே பனைமரத் துண்டு அடுக்கிய கேலரி, அதை அறுத்து ஓட்டல்காரருக்கு அடுப்பெரிக்கப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள், அதுவும் கிணற்றை ஒட்டி. அந்தத் தண்ணீரில்தான் நீங்கள் ஆட்டம் முடிந்து முகம் கழுவுவீர்கள், பந்தயத்துக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். இனி யார் அதில் கை வைப்பார்கள். தெருப்பக்கம் போனாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் வருகிறேன்.

இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். தரைக்குச் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தத் தரை எப்படி வந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் நடந்தது. அது தூர்ந்துபோன குட்டை, நெருஞ்சியும் ஓட்டாஞ்சல்லியுமாகக் கிடந்தது. தறியை விட்டு இறங்கினால் கால் மரத்துப்போகிறது, பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் வேண்டும் என்று நம் தெரு எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அதைப் பொதுவில் எழுதி வாங்கினார்கள். முசரவாக்கத்து சின்னப்பையன் மாமா தன் மாட்டுவண்டியில் ஏரிமண் ஓட்டிவந்து போட்டார். அவர் குடியானவர், நெசவு தெரியாது, பூப்பந்து என்றால் உயிர். அப்பாவும் அவரும் ஒரே பக்கம் ஆடினால் எதிராளிக்குப் பேச்சு வராது. ஆனால் தரை மட்டும் அமையவில்லை, ஆடினால் புழுதி, கம்பளி நூல் பந்து இரண்டு ஆட்டத்திலேயே மண்ணுருண்டை ஆகிவிடும். நான் கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திடலில் காலையில் தறிக்குப் போகும் பாவு நூலை நீளவாக்கில் நீட்டி, இழை விறைக்க அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள், மிச்சக் கஞ்சியை வீட்டுக்குத் தூக்கி வரும்போது கால் தடுக்கி முழுப் பானையையும் நடுத்திடலில் கொட்டிவிட்டேன். என் மாமியார் என்னை என்னென்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத வேண்டாம். மறுநாள் பார்த்தால் கஞ்சி கொட்டின இடம் மட்டும் மழமழவென்று இறுகிக் கிடக்கிறது, காலில் தூசு ஒட்டவில்லை. அப்பா அதன்மேல் வெறுங்காலால் ஓடிப் பார்த்துவிட்டு, நம்ப வூட்டுப் பொண்ணு தரை போட்டுட்டா என்று தெருவெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் எட்டு வீட்டு மிச்சக் கஞ்சியும் சாணியும் கொஞ்சம் சுண்ணாம்பும், எறும்பு வராமலிருக்க வேப்பம்பிண்ணாக்கும் கரைத்து மெழுகுவோம். முப்பத்துமூன்று வருஷம். கஞ்சித் திடல் என்ற பேர் அப்படி வந்ததுதான். நீ அதில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறாய், ஒரு தடவையாவது முட்டியில் ரத்தம் பார்த்தாயா.

இப்போது அதைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து, ஜல்லி கொட்டி, சிமெண்டு பூசிவிட்டார்கள். கமிட்டிக்குக் காரியதரிசி யார் என்று கேட்காதே, உனக்குத் தெரிந்தவன்தான், பட்டுக்கடை வீரபத்திரன். உன்னோடு ஆடினவன், பந்து வந்தால் ஒதுங்கிக்கொண்டு அடுத்தவனைப் பார்ப்பானே அவனேதான். நான் போய்க் கேட்டேன். இன்னாம்மா, இன்னும் கஞ்சியும் சாணியும் மொழுகிக்கினு இருந்தா வெளியூர்க்காரன் சிரிக்க மாட்டானா, உலகம் எங்கியோ போய்க்கினு இருக்குது என்றான். பெரிய உலகத்தைக் கண்டவன். அவன் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனதில்லை. இன்னொரு கூத்தையும் கேள். முன்பு கோர்ட்டு வடக்குத் தெற்காக இருக்கும், சாயங்கால வெயில் ஆடுகிறவன் கண்ணில் படாது. அப்பா தறி நூலை இரண்டு ஆணியில் இழுத்துக் கட்டிப் பிடித்த கோடு அது. இந்த மகானுபாவர்கள் தலைமை தாங்க வருகிறவருக்கு மேடை வடக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், குபேர திசை, அப்போதுதான் விளங்கும் என்று யாரோ மனை பார்க்கிறவர் சொன்னார் என்று மேடையைத் தென்பக்கம் கட்டிவிட்டார்கள். மேடைக்கு நேராக ஆட்டம் தெரிய வேண்டுமென்று கோர்ட்டைக் கிழக்கு மேற்காகத் திருப்பிவிட்டார்கள். ஆடத் தெரிந்த ஒருவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வெள்ளோட்டம் விட்டார்கள், கிழக்குப் பக்கம் நின்றவர்கள் ஐந்து பேரும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சூரிய நமஸ்காரம் செய்துகொண்டிருந்தார்கள். நம் கோடி வீட்டு ராஜகோபால், நல்ல ஆட்டக்காரன், உனக்கப்புறம் இந்தத் தெருவில் அவன்தான், வெயிலில் பந்து தெரியாமல் கடைசி நேரத்தில் பாய்ந்து விழுந்தான். பழைய தரை என்று நினைத்துவிட்டான் பாவம். முட்டித் தோல் சிமெண்டோடு போய்விட்டது, ஏழு தையல். அவன் அம்மா கங்கையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், வீரபத்திரன் வந்து பார்த்துவிட்டு, விழா அன்னைக்கு மேற்கால சாக்குத் திரை கட்டிடலாம் என்கிறான். அந்தச் சாக்கை அவன் வாயில் கட்டிக்கொள்ளட்டும்.

காலையில் பாவு நீட்டுவதற்கும் இனி திடல் கிடையாது. கேட்டுக்குப் பூட்டு, சாவி அவன் கடை கல்லாவில். நம் வீட்டுப் பாவைப் போன வாரம் ரோட்டோரம் நீட்டினோம், ஒரு லாரி போனதில் புழுதி அத்தனையும் ஈரக் கஞ்சியில் ஒட்டி, அப்பா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகத் துடைத்தார்.

அவர்கள் அப்பாவை மறக்கவில்லையாம், கௌரவிக்கப் போகிறார்களாம். விழா மேடையில் பொன்னாடை போர்த்துவார்களாம். அந்தப் பொன்னாடையை நான் பார்த்தேன், பளபளவென்று மில்லில் அடித்த செயற்கைப் பட்டு, விரலில் தேய்த்தால் கிறீச்சென்கிறது. காஞ்சிபுரத்தில், ஐம்பது வருஷம் பட்டு நெய்த மனிதருக்கு மில் துணி போர்த்துகிற லட்சணம் எப்படி இருக்கிறது பார். நோட்டீசிலும் அப்பா பேர் இருக்குது, மைக்செட் வைக்கிறவருக்கு அடுத்தபடி. சின்னப்பையன் மாமா பேர் எங்கும் இல்லை. உன் பேர் மட்டும் கொட்டை எழுத்தில், பிலாய் இரும்பாலைப் புகழ் என்று போட்டு. இரும்பாலையில் நீ ஆடுகிறாயா வேலை செய்கிறாயா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இத்தனையும் எழுதி ஒன்றை மட்டும் விட்டுவிடலாம் என்று நேற்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. இடம் எட்டு வீட்டுப் பொது என்றேன் அல்லவா, எட்டு வீட்டுக் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. ஏழு வீடு போட்டுவிட்டார்கள். அப்பா இரண்டு தடவை முடியாது என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் தடவை வீரபத்திரன் வந்தபோது அப்பா செவிலிமேட்டுக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். அவன் திடலைப் பற்றிப் பேசவே இல்லை. பாப்பாக்கு இப்ப எத்தினி வயசும்மா, நடக்குதா என்று கேட்டான். தணிகாசலத்தை வெச்சுத்தான் விழா, அவன் வந்து மொத பந்து போடாம நான் ரிப்பன் வெட்ட வுடமாட்டேன், குடும்பத்தோட வருவான் பாருங்க என்றான். தணிகாசலம் வருவான் என்ற பிறகு எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. வீட்டுக்காரர் இல்லாவிட்டால் வீட்டம்மா போடலாம் என்றான். போட்டேன். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை பேர்மேல் அருவருப்பாக எழுதினேனே, கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது என் மூஞ்சியைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஏழு கையெழுத்திலேயே தொடங்கிவிட்டார்கள் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். போன செவ்வாய்க்கிழமை பொன்னாடை விஷயமாகக் கூப்பிட்டனுப்பினார்கள், மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சின்னப்பையன் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனார். புது ஆபீஸ் அறையில் அந்த எட்டுக் கையெழுத்துக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். இதைத் திரும்பி வந்து அவர் சொல்லவில்லை, மாமாதான் கொல்லைப்பக்கம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார், அவரு அத்தையே பாத்துக்கினு நின்னாரும்மா என்றார். அப்பா கை கால் கழுவினார், சாப்பிட்டார், மோர் கேட்டார். எழுந்திருக்கும்போது, உன் கையெழுத்து நல்லா இருக்குது, ஒரு எழுத்து விட்டுப்போகல என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு, தண்ணீர், நூல் இது தவிர என்னிடம் பேச்சில்லை. சனிக்கிழமை பழக்கத்தில் நான் மிச்சக் கஞ்சியைப் பானையில் எடுத்து வைத்துவிட்டேன். அவர் வந்து தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அதனால்தான் சொல்கிறேன் கண்ணு. நீ வந்தால் நான் கையெழுத்துப் போட்டதற்குப் பலன் கிடைத்துவிடும். நான் ஒருத்தி அவர்களோடு போய் நின்றேன், நீயும் அந்த மேடையில் போய் நின்றால் இந்த வீட்டில் அவர் பக்கம் ஆளே இல்லை. உன்னை எதிர்பார்த்து நான் வடகம் பிழிந்து காயவைத்தது, பாப்பாவுக்குச் சரிகை ஓரத்தில் ஒரு பாவாடைத் துணி எடுத்து வைத்தது எல்லாம் இருக்கட்டும், கெட்டுப்போகாது. தீபாவளிக்கு வா, தைக்கு வா, ஒரு மேளமும் மைக்கும் இல்லாத நாளாகப் பார்த்து வா.

மங்கையர்க்கரசியை வெயிலில் தண்ணீர் பிடிக்க நிற்கவிடாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே ராத்திரி ஷிப்டு என்று சாக்குச் சொல்லாதே. பாப்பாவுக்கு இருமல் விட்டதா என்று இந்தக் கடிதத்திலும் நீ எழுதவில்லை, எழுது. எல்லாரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், காமாட்சி காப்பாற்றுவாள்.

ஒன்றை மறக்காதே. லீவை வாபஸ் வாங்கிவிட்டேன், சிமெண்டுத் தரையில் நான் ஆடுவதாக இல்லை, கமிட்டிக்கும் எழுதிவிட்டேன் என்று அப்பா பேருக்குத் தனியாக ஒன்று எழுதிப் போடு. கவரில் வேண்டாம், கார்டில் எழுது. தபால்காரர் தெருவெல்லாம் படித்துக்கொண்டே வருவார், வரட்டும். நான் சொல்லி எழுதினாய் என்று மட்டும் அதில் இருக்கக் கூடாது. அது நீயாக எழுதியதாக அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இந்தத் தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் உன் அம்மா,
தி. ஏலவார்குழலி