அது சதுரக்கள்ளி இல்லை

மச்சானுக்கு,

ஸலாம். போனில் சொன்னால் பாதியிலேயே கட் பண்ணிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு, "அது சதுரக்கள்ளி. பால் புள்ள கண்ணுல பட்டா பார்வை போயிடும், தூக்கிப் போடுங்கம்மா" என்று மாமியிடம் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் விமானம் ஏறிய வாரம் நான் நட்ட செடி, தொட்டியோடு தென்னூர் தெருக்குப்பைக்குப் போனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நானே போய்த் தூக்கி வந்தேன். மாமி எதிரிலேயே நுனியைக் கத்தியால் நறுக்கினேன். சதுரக்கள்ளி என்றால் பால் கொட்டியிருக்கும். இதில் தண்ணீர்தான் கசிந்தது. ஒவ்வொரு முள் கொத்தின் அடியிலும் பஞ்சு மாதிரி இருப்பதைக் காட்டினேன். அது கேக்டஸுக்குத்தான் உண்டு, பால் வடியும் கள்ளிக்குக் கிடையாது.

"அவன் சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நெனச்சேன்" என்றார் மாமி.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்த ரம்ஜானுக்கு வருவேன் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம்.

இன்ஷாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. போனைக் காட்டித்தான் 'அத்தா' என்கிறாள்.

செடியில் ஏழு மொட்டு விட்டிருக்கிறது. பூத்தால் போட்டோ அனுப்ப மாட்டேன். அவள் போட்டோவும் இனி வராது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா