முதலில் கவனித்தவள்

8.7.2014, செவ்வாய்
இன்று கணக்கு வகுப்பு இல்லை. மேல்சித்தாமூரிலிருந்து ஹர்ஷினி என்று ஓர் அக்கா வந்தார். எம்.எட். படிக்கிறாராம். எங்கள் வயதுப் பிள்ளைகளின் மனக்கவனம் பற்றி ஆய்வு. கேள்வித்தாள் கொடுத்தார். ‘என்ன சாப்பிடுகிறேன் என்று கவனிக்காமலே சாப்பிட்டுவிடுகிறேன்.’ எப்போதும் என்று டிக் போட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்குமே அதுதான்! என் தோழி அமலி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“ஒரு வாரம் வீட்ல யாரையாவது ஒருத்தர நல்லா பாருங்க. குறை கண்டுபுடிக்க இல்ல, சும்மா.”

அம்மாவை எடுத்துக்கொண்டேன்.

9.7
தோசை ஊற்றும்போது அம்மா பாடுகிறாள். இத்தனை நாள் என் காதில் விழுந்ததே இல்லை.

11.7
வேலை முடிந்து புதுச்சேரியிலிருந்து வரும்போது அப்பா வஞ்சிரம் வாங்கி வந்தார். பையைத் திறந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். மீன் என்றால் உயிரை விடுபவள்!

14.7
நேற்று ஞாயிறு, சர்ச் பூசையில் அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் வாந்தி. மஞ்சள் காமாலையோ? பயந்துபோய்க் கேட்டுவிட்டேன்.

“ம்மா, உனுக்கு என்னா பண்ணுது? மறைக்காம சொல்லு.”

அம்மா அடுப்பை அணைத்தாள். “உங்கப்பாவுக்கே இன்னும் சொல்லல. நீ எப்டிடி கண்டுபுடிச்ச?”

நான் எங்கே கண்டுபிடித்தேன்! அவளே சொல்லித்தான் தெரிந்தது. எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறதாம். எனக்குப் பதினாலு வயசு. ஐயோ, கிளாஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும். சாப்பாடு வேணாம், ஒண்ணும் வேணாம்.

15.7
அம்மாவோடு பேசவில்லை.

16.7
தலை பின்னிவிடும்போது சொன்னாள்: “ஊரு பேசறத பத்தி எனுக்குக் கவல இல்லடி. உன் மூஞ்சிய பாத்து பாத்துதான் பயந்துக்கினு இருந்தேன்.”

அப்படியானால் இத்தனை நாளாக அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? அழுகை வந்துவிட்டது. “அப்பாகிட்ட நான் சொல்லட்டா?” என்றேன்.

நான்தான் சொன்னேன். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள் ஹெல்மெட்டோடு நடந்தார்.

2.12
முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி. அம்மாவுக்குப் பிரஷர் கூடுதலாம், உப்பு ஆகாது. இனி சமையல் நான். அமலிக்கு இன்னும் சொல்லவில்லை.

6.2.2015
தம்பி. இரண்டு பேரும் சுகம். கர்த்தருக்கு நன்றி.

26.2
அறிவியல் வகுப்பில் தூங்கிவிட்டேன். “டயானா, கவனம் எங்க இருக்குது?” என்று சார் அதட்டினார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“வீட்ல குட்டித் தம்பி இருக்கான் சார். ராத்திரி பூரா அழுவறான்.” சத்தமாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் பாதி வகுப்பு எங்கள் வீட்டில். யார் முதலில் தூக்குவது என்று சண்டை. எல்லாரையும் கைகழுவ வைத்து வரிசையில் நிறுத்தினேன். அன்றைக்கு என் கேள்வித்தாளைப் பார்த்துச் சிரித்தாளே, அமலியைக் கடைசியில்.