ஹேஸ் பீன் சொல்லித் தந்தவளுக்கு

லீட்ஸ்
9 பிப்ரவரி 2025

என் பிரியமான நீதுவுக்கு,

ஷிஜி எழுதுவது. இங்கே சுகம். உதியன்குளங்கரையில் எல்லோருக்கும் சுகம்தானே? போனில் நம் நேரம் விளையாட்டுப் பேச்சிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

நேற்று வார்டில் ஒரு பெரியவருக்குக் காலையிலிருந்து வாந்தி. குறிப்பில் 'ஹேஸ் பீன் வாமிட்டிங்' என்று எழுதினேன். வாந்தி எடுத்தார் என்று மட்டும் எழுதியிருந்தால் முடிந்துபோன சங்கதி என்று விட்டிருப்பார்கள். இன்னும் நிற்கவில்லை என்று புரிந்து டாக்டர் உடனே வந்தார். சீனியர் நர்ஸ் என்னைப் பாராட்டினாள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். நாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒழுகும் குழாயைக் காட்டி, "ஓணத்துக்கு முன்னே தொடங்கினது, இப்பளும் ஒழுகுது. அதாக்கும் ஹேஸ் பீன்" என்று சொல்லித் தந்தாயே. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?

நீயும் மறுபடி அந்த இங்கிலீஷ் பரீட்சை எழுதி இங்கே வந்துவிடு.

அன்புடன்,
ஷிஜி

உதியன்குளங்கரை
26 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷிஜிக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், டாக்டர் வந்த இடத்தை இரண்டு தடவை. எங்களுக்குப் பெருமை. அந்தக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். இனி வேறு உதாரணம் தேட வேண்டும். பரீட்சைப் பேச்சு இப்போது வேண்டாம்.

நீது

லீட்ஸ்
16 மார்ச் 2025

நீது,

உன் தம்பி அனூஜ் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, ஜெபத்துக்காகப் பாஸ்போர்ட்டைச் சபையின் மேசையில் வைத்து மறந்து வந்தவள் நான். பரீட்சை அன்று பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. என்னைப் பஸ்சில் ஏற்றிவிட்டு நீ ஸ்கூட்டரைத் திருப்பினாய். கேட் அடைக்கும் நேரத்தில் அதை என் கையில் தந்து, "மக்கா, நீ உள்ளெ போ, நான் வண்டிய விட்டுட்டு வாறேன்" என்றாய். நீ வேறு ஹாலில் எழுதுகிறாய் என்றே நினைத்தேன். நீ வருவதற்குள் அடைத்துவிட்டார்களாம். மூன்று மணி நேரம் வெளியே நின்றுவிட்டு, கேள்விகள் கஷ்டம் என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய்.

நான் தின்னும் சோறு நீ தந்தது. என்மேல் கோபமா? மறைக்காமல் எழுது.

ஷிஜி

உதியன்குளங்கரை
4 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷிஜி,

கோபம் இருந்தது. கேட் அடைத்ததற்கு இல்லை. வண்டியைத் திருப்பியது என் இஷ்டம். ரிசல்ட் வந்த அன்று பாஸ் என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். எனக்கு எத்தனை மார்க் என்று நீ கேட்கவே இல்லை. விமானம் ஏறும்வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

இப்போது கேட்டுவிட்டாய். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டாயே, அதற்கு நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். இதை எழுதி முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது, சத்தியமாக.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அனூஜ் கூட வருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லீவு கேட்டு வா. என்னைக் கொண்டுவிட நீதான் வேண்டும்.

உன்
நீது