வேறு வேறு வாரம்

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோழிக்கு,

இரண்டு நாளாக உன் மகனின் இருமல் சத்தம் இங்கே கேட்கவில்லை. சுகமாகிவிட்டான் என்று நினைக்கிறேன்.

நம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் மங்கம்மாள், தன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு மறுநாளே ஜமுனாமரத்தூர் திரும்பிவிட்டாள். இப்போது என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அந்த அம்மா படுத்த படுக்கையானதும், சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள் என்று முதல் வாரத்தைக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீ மூன்றாம் வாரத்தைக் கொடுத்தாயாம். நான் கொடுத்த வாரம் அவள் உன் வீட்டில் இருந்தாள், நீ கொடுத்த வாரம் என் வீட்டில். அவள் ஊருக்குப் போகிற ஒரே பேருந்தை நம் ஜன்னல்கள் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தத் தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

கருமாதிக்காக வரும் வியாழன் முதல் ஐந்து நாள் கொடுத்திருக்கிறேன். நீயும் அதே நாள்களைக் கொடு. பிள்ளைகளை நாம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம்.

இதை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையைப் பார்த்ததும், "இன்னா டீச்சர், ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்றாள். அம்மா போனபிறகு இன்றுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பேசிவிட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

அதைப் பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு,
அடுத்த வாசல்காரி